காலி வீதியில் சூடேறுகிறதா, கடுகண்ணாவையில் சூடேறுகிறதா?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். அந்த இடைவெளியில் கொழும்பில் பழைய வான்களுக்கு வயது குறைந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கி ஓய்ந்துபோன டொல்பின் ஹைஏஸ், சீஆர்27 டவுன்ஏஸ், டெலிக்கா என்று எது கைக்குக் கிடைத்ததோ அதன் பின் சீட்டுகளைக் கழற்றி, கட்டில் போட்டு, காஸ் அடுப்பும் தண்ணீர்த் தாங்கியும் வைத்துப் பலர் கெம்பர் வான் ஆக்கிக்கொண்டார்கள். உள்ளே தேக்குப் பலகையும் மஞ்சள் விளக்குமாக அழகாகத்தான் இருக்கும். டிரைவர் சீட்டுக்கு அடியில் கிடக்கும் முப்பது வருட எஞ்சினைத்தான் யாரும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள். முதல் நீண்ட விடுமுறைக்கு நுவரெலியா கிளம்பினால் பாதி மலையில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடும்.

அதோடு ஆளுக்கொரு வைத்தியம் ஆரம்பமாகும். ரேடியேட்டரை மாற்று என்பார் ஒருவர். மின்விசிறி போடு என்பார் இன்னொருவர். சூடு ஏறினால் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறி என்பார் மூன்றாமவர். ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) போயிருக்கும், எஞ்சினையே மாற்றிவிடு என்று சொல்லவும் ஒருவர் இருப்பார். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு நோய்க்குச் சரியான மருந்துதான், தெர்மோஸ்டாட் விஷயத்தைத் தவிர. எதற்குக் காசு போடுவது என்று முடிவெடுக்க நான் முதலில் கேட்பது ஒரே கேள்வி: வான் எந்த இடத்தில் சூடேறுகிறது?

இடம் சொல்லும் சேதி

காலி வீதியில் வெள்ளவத்தை நெரிசலில் ஏசி போட்டபடி ஊர்ந்து போகிறீர்கள், முள் ஏறுகிறது. தெஹிவளை தாண்டிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் தானாக இறங்குகிறது. அப்படியென்றால் தண்ணீர் ஓட்டம் அநேகமாகச் சரி, காற்றுத்தான் போதவில்லை. ஊரும்போது ரேடியேட்டருக்குக் காற்று இழுப்பது விசிறி மட்டுமே. விசிறி, அதைச் சுற்றியிருக்கும் கூண்டு, பெல்ட், ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவில் அடைந்திருக்கும் சேறும் சருகும், இவற்றைப் பாருங்கள். பல வான்களில் அந்தக் கூண்டு எப்போதோ உடைந்து, யாரோ கழற்றி வைத்தது வைத்ததுதான். கூண்டு இல்லாத விசிறி ரேடியேட்டர் வழியாக இழுப்பதைவிடத் தன்னைச் சுற்றியிருக்கும் சுடுகாற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

ஊருக்குள் சமர்த்தாக ஓடுகிற வான் கடுகண்ணாவை ஏற்றத்திலோ இறம்பொடை வளைவுகளிலோ தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதோ மட்டும் சூடேறினால் கதை வேறு. எஞ்சின் முழு வலுவோடு உழைக்கும்போது உண்டாகும் வெப்பத்தை வெளியே கொண்டுபோக ரேடியேட்டராலோ தண்ணீர் ஓட்டத்தாலோ முடியவில்லை. உள்ளே குழாய்கள் பாதி அடைத்திருக்கலாம், தெர்மோஸ்டாட் அரைகுறையாகத் திறக்கலாம், வாட்டர் பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். ரேடியேட்டரிலிருந்து எஞ்சினுக்குத் தண்ணீர் போகும் கீழ் ஹோஸ் பழசாகி மெத்தென்று ஆகியிருந்தால், வேகமாக ஓடும்போது பம்ப் இழுக்கும் இழுவையில் அது உள்வாங்கிச் சப்பிக்கொள்ளும். வண்டியை நிறுத்திப் பார்த்தால் பழையபடி உருண்டையாக இருக்கும், கண்டுபிடிக்கவே முடியாது. பிரேக் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தாலும் இதே குணம் காட்டும். கட்டிலும் தண்ணீரும் பற்றரியும் சேர்த்து நாம் ஏற்றிய பாரத்தையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது வகைக்கு இடம் காலம் எதுவும் கிடையாது. காலையில் ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகும். தண்ணீர் குறையும், ஆனால் கீழே ஒரு சொட்டு இருக்காது. அதை ஹெட் பகுதியில் பார்ப்போம்.

முள்ளையும் கொஞ்சம் சந்தேகியுங்கள். ஹெட்லைட் போட்டதும் முள் அசைந்தால் அது எர்த் கோளாறு, எஞ்சின் சூடு அல்ல. இதற்கு நேர் எதிரானது ஆபத்தானது: தண்ணீர் மட்டம் சென்சருக்குக் கீழே இறங்கிவிட்டால் முள் கீழே விழுந்து எல்லாம் நலம் என்று காட்டும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்று வாங்கிவிடுங்கள். அளக்க வேண்டிய இடமான தெர்மோஸ்டாட் வீடு, அதாவது அதன் உலோக உறை, பளபளக்கும் அலுமினியமாக இருந்தால் அளவு பொய்யாக, குறைவாக வரும். அதில் ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளந்தால் சரியாக வரும்.

சில்லறைக் காசில் தீரக்கூடியவை

ரேடியேட்டர் மூடியை ஒருவரும் மதிப்பதில்லை. ஜப்பானிய மூடிகளில் பெரும்பாலும் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருக்கும். அது தாங்கும் அழுத்தம். 0.9 மூடி ஒழுங்காக வேலை செய்தால் வெறும் தண்ணீர்கூட கடல் மட்டத்தில் 118 பாகை செல்சியஸ் அளவில்தான் கொதிக்கும். மூடியின் ரப்பர் காய்ந்து அழுத்தம் நிற்காமல் போனால் கொழும்பில் 100 பாகையில் கொதிக்கும். 1868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் 94 பாகையிலேயே கொதித்துவிடும். நல்ல எஞ்சினே மலை ஏறும்போது அந்தச் சூட்டைத் தொடும். அதனால் கொழும்பில் பிழையே தெரியாமல் ஓடிய வான் மலையில் மட்டும் குமுறினால், பெரிய செலவுக்கு முன் மூடியை மாற்றிப் பாருங்கள். அதே எண் உள்ள மூடியே வேண்டும். 0.9 இருந்த இடத்தில் 1.1 போட்டால் பழைய ஹோஸும் பழைய ரேடியேட்டரும்தான் முதலில் வாய் திறக்கும்.

காற்றுப்பூட்டும் (ஏர்லொக்) இதே வரிசைதான். எஞ்சின் சீட்டுக்கு அடியிலும் குழாய்கள் நீளமாகவும் இருக்கும் வான்களில், தண்ணீர் மாற்றிய பிறகு உள்ளே காற்று நின்றுவிடுவது சாதாரணம். முள் திடீரென ஏறி, திடீரென இறங்கும். முன்பக்கம் உயரமாக இருக்கும் சரிவில் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய நிலையில் மூடியைத் திறந்து ஸ்டார்ட் செய்து, ஹோஸ்களைப் பிசைந்துவிட்டுக் குமிழி நிற்கும்வரை நிரப்ப வேண்டும். இங்கே ஹீட்டர் எதற்கு என்று பலர் அந்தக் குழாய்களைக் கழற்றிக் குறுக்கே இணைத்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்து பின் ஹீட்டரோடு வந்த வான்களில் தரைக்கு அடியில் ஓடும் இரும்புக் குழாய்கள் துருப்பிடித்து மெல்ல ஒழுகும். தண்ணீர் எங்கே போகிறது என்று தேடுபவர்கள் பெரும்பாலும் அங்கே பார்ப்பதில்லை.

தெர்மோஸ்டாட்: மாற்றலாம், கழற்ற வேண்டாம்

“அண்ணன், இந்த நாட்டு வெயிலுக்கு தெர்மோஸ்டாட் எதுக்கு? கழட்டி எறிவோம்.” கொழும்பில் எந்த கராஜில் நின்றாலும் இது காதில் விழும். குளிர் நாட்டுக்காரர்களுக்கு எஞ்சினைச் சூடாக்கத்தான் அது என்ற நம்பிக்கை. அதில் பாதிதான் உண்மை. பல ஜப்பானிய எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் அடியில் இரண்டாவது தட்டு ஒன்று இருக்கும். மேல் தட்டு திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும்போது, ரேடியேட்டரைத் தவிர்த்து எஞ்சினுக்கே திரும்பும் குறுக்குவழியை அடித் தட்டு மூடும். முழுவதையும் கழற்றிவிட்டால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றும். ஊருக்குள் முள் கீழே நிற்பதால் வைத்தியம் பலித்த மாதிரி தெரியும். மலையில் முன்பைவிட மோசமாகும்.

சோதிப்பது சுலபம். சட்டியில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, சமையல் வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதன் மேல் 82 என்று பொறித்திருந்தால் 82 பாகையை ஒட்டித் திறக்கத் தொடங்கி, இன்னும் பத்துப் பன்னிரண்டு பாகைக்குள் முழுதாகத் திறந்திருக்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது அதிலுள்ள சின்ன ஆடும் ஊசி மேல்பக்கம் பார்த்தபடி இருக்கட்டும், காற்று அந்த வழியாகத்தான் வெளியேறும். புதுசு வாங்கினாலும் பெரிய செலவில்லை. மலையில் சூடேறும் வானுக்கு ரேடியேட்டரைத் தொடும் முன் இதை முடித்துவிடுங்கள்.

விசிறி: விஸ்கஸா, மின்சாரமா?

நெரிசலில் சூடேறும் வானுக்கு இதுதான் முக்கியமான தேர்வு. பழைய டீசல் வான்களில் பொதுவாக இருப்பது விஸ்கஸ் விசிறி. அதன் நடுக் குடத்துக்குள் சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். முன்னால் இருக்கும் சுருள் தகடு, ரேடியேட்டர் தாண்டி வரும் காற்றின் சூட்டை உணர்ந்து அந்த எண்ணெயை உள்ளே விட்டு விசிறியை இறுக்கும். வருடங்கள் போகப் போக எண்ணெய் கசிந்துவிடும். குடத்தைச் சுற்றித் தூசி ஒட்டிய கறுப்பு எண்ணெய்க் கறை தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். எஞ்சின் நன்றாகச் சூடானதும் அணைத்துவிட்டு விசிறியைக் கையால் சுழற்றுங்கள். தயங்கித் தயங்கிச் சுழன்று உடனே நிற்க வேண்டும். தள்ளியதும் தாராளமாகச் சுற்றினால் போயிற்று. ஓடுகிற விசிறியை மடித்த பத்திரிகையால் நிறுத்திப் பார்க்கும் பாஸ்மார் (மெக்கானிக்குகள்) இருக்கிறார்கள். விரல் வேண்டுமென்றால் அதைச் செய்ய விடாதீர்கள்.

பழுதான விஸ்கஸுக்கு மலிவான வழி, ஆணி அடித்தோ போல்ட் போட்டோ நிரந்தரமாகப் பூட்டிவிடுவது. நெரிசலில் உடனே பலன் தெரியும். ஆனால் அதிவேக நெடுஞ்சாலையில் விசிறி எஞ்சின் வேகத்துக்கே சுற்றி, விமானம் மாதிரி இரைந்து, டீசலைக் குடித்து, பம்ப் பெயரிங்கையும் தின்னும். வீடு வந்து சேர மட்டும் செய்யலாம். அடுத்தது சிலிக்கோன் எண்ணெய் மாற்றுவது. குடம் நல்ல நிலையில் இருந்தால் கெட்டிக்கார பாஸ் ஒருவர் இதைச் செய்து பழைய இறுக்கத்தைக் கொண்டுவந்துவிடுவார். செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் என் முதல் தெரிவு இதுவே. சுருள் தகடு துருப்பிடித்திருந்தாலோ பெயரிங் ஆடினாலோ குடத்தையே மாற்றத்தான் வேண்டும்.

மின்விசிறிக்குக் கவர்ச்சி அதிகம். எஞ்சின் மெதுவாக ஓடினாலும் அது முழு வேகத்தில் சுற்றும், காலி வீதிக்கு அதுவே வேண்டும். ஆனால் ரேடியேட்டர் முழுவதையும் மூடும் அளவு பெரிய விசிறி 20 அம்பியருக்கு மேல் இழுக்கும். கெம்பர் வானில் அதே ஆல்டர்னேட்டர்தான் ஏசி, விளக்கு, இரண்டாவது பற்றரி எல்லாவற்றுக்கும் ஊட்டுகிறது. பழைய வயரில் ரிலே இல்லாமல் கோத்துவிட்டால் சூட்டைவிடப் பெரிய பிரச்சினை வரும். மலையில் முழுச் சுமையோடு ஏறும்போது, கூண்டோடு இருக்கும் நல்ல விஸ்கஸ் விசிறி இழுக்கும் காற்றைச் சந்தையில் கிடைக்கும் ஒல்லியான மின்விசிறிகள் தொடுவதே இல்லை. ஆகவே விஸ்கஸைச் சரிசெய்து வைத்துக்கொண்டு, ஏசி கண்டென்சருக்கு முன்னால் ஒரு சின்ன மின்விசிறியைத் துணைக்குப் போடுவது நல்ல ஏற்பாடு. விஸ்கஸைக் கழற்றிவிட்டு மின்சாரத்தை மட்டும் நம்புவதை, ஊரைத் தாண்டாத வானுக்கு வேண்டுமானால் ஒப்புக்கொள்வேன்.

ரேடியேட்டர்: நான்கு வழி

காசு அதிகம் போகும் இடம் இதுதான். பலர் அவசரப்படும் இடமும் இதுதான்.

முதலில் பழையதை ஒழுங்காகப் பாருங்கள். எஞ்சின் சூடாக ஓடும்போது வெப்பமானியை ரேடியேட்டரின் முகம் முழுக்க நகர்த்துங்கள். ஓரிடம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்குள்ள குழாய்கள் அடைத்திருக்கின்றன. எஞ்சின் ஆறியதும் குழாய்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய தகடுகளான ஃபின்களைக் கட்டைவிரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். கடற்காற்று படும் வெள்ளவத்தை, கொள்ளுப்பிட்டிப் பக்கம் வருடக்கணக்கில் நின்ற வான் என்றால் செம்பு ஃபின்கள் பார்வைக்கு நேராக நிற்கும், விரல் பட்டதும் பச்சைப் பொடியாக உதிரும். ஃபினுக்கும் குழாய்க்கும் ஒட்டு விட்டுப்போன ரேடியேட்டரில் தண்ணீர் எவ்வளவு ஓடினாலும் சூடு வெளியேறாது. ஒழுகவில்லை என்பதற்காக அதை நல்லது என்று நினைக்க வேண்டாம்.

ஃபின் உறுதியாக இருந்து உள்ளே மட்டும் அடைத்திருந்தால், தொட்டியின் ஈயப்பற்றை உருக்கிக் கழற்றி, குழாய் ஒவ்வொன்றிலும் கம்பி விட்டுத் துப்புரவு செய்து திரும்பப் பற்றவைப்பது மலிவான வழி, நல்ல வழியும்கூட. செம்பு, பித்தளை ரேடியேட்டருக்கு மட்டுமே இது. ப்ளாஸ்டிக் தொட்டியை மடித்துப் பூட்டிய வகையைத் திறந்து மூடினால் அடுத்த மாதம் ஒழுகலாம்.

ஃபின் உதிர்ந்துவிட்டது, ஆனால் பித்தளைத் தொட்டிகள் நன்றாக இருக்கின்றன என்றால் பழைய தொட்டியில் புதுச் செம்புக் கோர், அதாவது குழாயும் ஃபினும் சேர்ந்த நடுப்பகுதி, போடலாம். என்னைக் கேட்டால் மலைக்கு அடிக்கடி போகும் கெம்பர் வானுக்கு இதற்கு நிகர் இல்லை. வேண்டுமென்றால் இரண்டு வரிசைக் குழாய் இருந்த இடத்தில் மூன்று வரிசை வைக்கலாம். ஆனால் தடித்த கோர் வழியாகக் காற்று இழுக்க விசிறி நல்ல நிலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போட்ட காசுக்குப் பலன் பாதிதான். இன்னொரு வசதி, ஹப்புத்தளையிலோ அனுராதபுரத்திலோ ஒழுகினாலும் ஈயம் வைத்து அடைக்க ஒரு ரேடியேட்டர் கடை கிடைக்கும். குறை என்னவென்றால் செம்பு விலை.

புது அலுமினிய ரேடியேட்டர் எடை குறைவு, செம்புக் கோரைவிட மலிவு. செம்பு வெப்பத்தை அலுமினியத்தைவிட நன்றாகக் கடத்தும் என்பது உண்மை. ஆனால் அலுமினியத்தில் குழாய்களை அகலமாகச் செய்கிறார்கள், ஃபினை ஈயம் இல்லாமலே ஒட்டுகிறார்கள், அதனால் நல்ல தயாரிப்பு பின்தங்குவதில்லை. கவனம் வேண்டியது தரத்தில்தான். மெல்லிய கோரோடு வரும் மலிவு வகை, பெட்ரோல் மாடலுக்குச் செய்ததை டீசலுக்கும் பொருந்தும் என்று விற்பது, இரண்டும் சந்தையில் உண்டு. பழையதைக் கையில் கொண்டுபோய்க் கோரின் தடிப்பை அருகில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். ஊருக்குள்ளும் தென்கரை வழியும் ஓடும் வானுக்கு இது தாராளமாகப் போதும்.

நாலாவது, கொழும்பில் பழைய வாகன உதிரிப்பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில், ஜப்பானில் கழற்றிய ரீகண்டிஷன் சாமான். அசல் பொருத்தம், அசல் கூண்டுகூடக் கிடைக்கும். அதற்காகவே ஒருமுறை போகலாம். ஆனால் வாய்க்குள் போன் டோர்ச் அடித்துப் பாருங்கள். குழாய் வாய்களில் வெள்ளைப் படிவோ துருச் சேறோ இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். ப்ளாஸ்டிக் தொட்டி கறுப்பு மாறிப் பழுப்பாக வெளிறியிருந்தால் வெடிப்புக்குத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திக் காற்றழுத்திக் காட்டச் சொல்லுங்கள். முகம் சுளித்தால் அடுத்த கடை பக்கத்திலேயே இருக்கிறது.

என்ன ஊற்றுவது?

நமக்குப் பனி இல்லை, வெறும் தண்ணீர் போதாதா என்பது நியாயமான கேள்வி. சூட்டை அள்ளுவதில் வெறும் தண்ணீர் கூலன்ட் கலவையைவிட மேலானதுதான். ஆனால் துருவைத் தடுக்கும் மருந்து அதில் இல்லை, கொதிநிலையும் குறைவு. இரும்பு புளொக்கும் (எஞ்சினின் அடி உடல்) அலுமினிய ஹெட்டும் சேர்ந்த எஞ்சினில் வெறும் தண்ணீர் சில வருடத்திலேயே பழுப்புக் குழம்பாகிவிடும். பெரிய தவறு நடப்பது வடக்குப் பயணத்தில். யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறையில் ஊறியது. வீட்டுக் கேத்தலில் படியும் அதே வெள்ளைப் படிவு ரேடியேட்டர் குழாயிலும் படியும். ஏ9 வழியே போகிறவர்கள் ஊற்றத் தயாராகக் கலந்த கூலன்ட் ஒரு கேனில் கொண்டுபோனால் போதும். ஒழுகலுக்கு மஞ்சள்தூள் போடும் பழைய கைவைத்தியம் சில வேளைகளில் வேலை செய்யும். ஒழுகும் ஓட்டையை அடைக்கும் தூள் குறுகிய குழாயையும் அடைக்கும், அவ்வளவுதான்.

ஹெட் என்றால்

மேல் ஹோஸ் ஆறிய எஞ்சினிலேயே இறுகுவது, மூடி திறந்திருக்கும்போது நிற்காமல் குமிழி வருவது, மேலதிகத் தாங்கிக்குப் போன தண்ணீர் திரும்பாமல் நிரம்பி வழிவது: இவை ஹெட்டுக்கும் புளொக்குக்கும் நடுவிலுள்ள கேஸ்கட் போனதையோ ஹெட் வெடிப்பையோ காட்டும். எண்ணெயில் தண்ணீர் கலந்து பால் தேநீர் நிறமாகும்வரை காத்திருக்க வேண்டாம், பல ஹெட்கள் அந்த அடையாளமே காட்டாமல் போகும். ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் நிறம் மாறும் திரவம் இருக்கிற கராஜில் ஒருமுறை சோதித்துவிடுங்கள்.

டவுன்ஏஸின் 2சீ டீசலில் இது அதிகம் பேசப்படும் நோய். இரும்பு புளொக், அதன் மேல் அலுமினிய ஹெட். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும், ஒரு தடவை கடுமையாகச் சூடேறினாலும் ஹெட் வளையலாம், வால்வுகளுக்கு நடுவே வெடிக்கலாம். கொதித்த எஞ்சினில் உடனே குளிர்ந்த தண்ணீர் ஊற்றுவது அந்த வெடிப்புக்கு நாமே வைக்கும் அழைப்பு.

லேத் பட்டறைக்குக் கொடுக்கும்போது வரிசை முக்கியம்: முதலில் வெடிப்புக்கான அழுத்தச் சோதனை, அதில் தேறினால் மட்டும் முகத்தைச் சீவுவது. சீவிய பிறகு வெடிப்பைக் கண்டுபிடித்தால் கூலி வீண். டீசல் ஹெட்டை இஷ்டத்துக்குச் சீவவும் முடியாது, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் உள்ள இடைவெளி குறைந்துவிடும். இலேசான வளைவுக்குச் சீவிப் புது கேஸ்கட் போடுவது போதும். வெடிப்பு இருந்தால் பற்றவைத்து ஒட்டிய ஹெட்டைவிடப் புது ஹெட்டையே வாங்குவேன். ஹெட் இறங்கியிருக்கும்போதே டைமிங் பெல்ட்டையும் வாட்டர் பம்பையும் மாற்றிவிட்டால் இன்னொரு கூலி மிச்சம்.

எஞ்சின் எண்ணெயும் குடிக்கிறது, புகையும் தள்ளுகிறது என்றால் மட்டும் பஞ்சிகாவத்தை எஞ்சினைப் பற்றி யோசியுங்கள். எஞ்சின் இலக்கம் வாகனப் பதிவுப் புத்தகத்தில் இருப்பதால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றிப் பதிய வேண்டும், விற்பனைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள். சோதிக்காத பழைய எஞ்சினுக்குப் பதில் அந்தக் காசில் சொந்த எஞ்சினுக்குப் புது ஹெட் போட்டால் பெரும்பாலும் மிச்சம் பிடிக்கலாம். எதைப் போட்டாலும், முந்தைய எஞ்சினைச் சாகடித்த அதே அடைத்த ரேடியேட்டரையும் அதே பழைய மூடியையும் புது எஞ்சினில் பூட்ட கராஜ்காரரை விடாதீர்கள்.